வீட்டு ரவுட்டருக்குப் புது பர்ம்வேர் ஏற்றுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே ஆன்ட்டி வைரஸ் போட வேண்டும், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அதே மேஜையில் நாலு பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டு, இரவு பகலாக ஆன் ஆகியிருக்கும் ரவுட்டரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கம்ப்யூட்டரை வாரம் ஒரு முறையாவது துடைக்கிறோம். ரவுட்டர் மேல் படிந்த தூசி அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சாப்ட்வேரும் அதே கதிதான்.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று சொன்னால் புத்தகம் படிப்பவர்களுக்கு உடனே தெரியும். நான் என்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலைக்குப் போனவன் என்பதால், லீவில் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் வீட்டு கம்ப்யூட்டரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப முடியும். இந்த முறை சித்தப்பா வீடு.

"தம்பி, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்னமோ சீக்கு. ரெண்டு தடவ பார்மட் பண்ணியாச்சு. திரும்பத் திரும்ப வருது" என்றார். தங்கை ஒரு அரசுத் தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. சில இணையதளங்களின் முகவரியைச் சரியாக டைப் செய்தாலும் ரம்மி விளம்பரம் வந்து நின்றது. அதைவிட மோசம், முந்தின நாள் வங்கியின் பக்கத்தைத் திறந்தபோது 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்திருக்கிறது. நல்லவேளை, 'பரவாயில்லை, தொடர்க' என்ற இடத்தை கிளிக் செய்யாமல் அவள் மூடிவிட்டாள். உளுந்து விற்ற பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

கடைக்காரர் இரண்டு முறை பார்மட் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பணம். அவர் வேலையில் குறை இல்லை. கம்ப்யூட்டர் சுத்தமாகத்தான் இருந்தது. நான் என் மொபைலை அந்த வீட்டு வை-பையில் இணைத்து அதே தளத்தைத் திறந்தேன். மொபைலிலும் அதே ரம்மி! வை-பையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தேன். சரியான பக்கம் வந்தது.

இந்த ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே கோளாறு வந்து, மொபைல் டேட்டாவில் மட்டும் அது மறைந்துவிட்டால், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது ரவுட்டர்.

ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான்

அந்தச் சிறு பெட்டிக்குள் பிராசஸர் இருக்கிறது, ராம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக பிளாஷ் மெமரி என்ற சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் பர்ம்வேர். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் உள்ளே ஓடுவது லினக்ஸ். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "மோட்டாருக்கு காயில் கட்டுற மாதிரியா?" என்று கேட்டார். இல்லை. காயில் கட்டுவது என்றால் உள்ளே இருக்கும் கம்பியையே மாற்றுவது. இங்கே உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் மாறாது. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த பாடம் மட்டும் மாறுகிறது.

பாடத்தில் பிழை இருந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து ஒருவன் உள்ளே புகுந்து அமைப்புகளை மாற்றிவிடலாம். அவன் அதிகம் மாற்ற விரும்புவது டி.என்.எஸ். என்ற அமைப்பை. நீங்கள் வங்கியின் பெயரை டைப் செய்ததும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று கம்ப்யூட்டர் ஓரிடத்தில் கேட்கும். அப்படிக் கேட்கும் இடம்தான் டி.என்.எஸ். சர்வர். டெலிபோன் டைரக்டரி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டைரக்டரியையே எவனாவது மாற்றி வைத்துவிட்டால், நீங்கள் பெயரைச் சரியாகச் சொன்னாலும் போன் வேறு வீட்டுக்குத்தான் போகும். சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். வங்கிப் பக்கத்தில் பிரவுசர் எச்சரித்ததற்குக் காரணமும் இதுதான். முகவரி வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அங்கே இருந்தவனிடம் வங்கியின் டிஜிட்டல் சான்றிதழ் இல்லை.

பிரேசில் நாட்டில் 2011-ல் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. சுமார் 45 லட்சம் டி.எஸ்.எல். மோடம்களின் டி.என்.எஸ். மாற்றப்பட்டு, மக்கள் போலி வங்கிப் பக்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர் பாபியோ அசோலினி 2012-ல் இதை விவரமாக வெளியிட்டார். மோடத்தின் பர்ம்வேரில் இருந்த ஓட்டைதான் அங்கே வழி.

நம் நாட்டில் நடந்தது வேறு விதம். 2017 ஜூலை கடைசி வாரத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் பல இடங்களில் திடீரென்று செயலிழந்தன. சுமார் 60,000 மோடம்கள் என்று அப்போது செய்தி வந்தது. எம்.டி.என்.எல். இணைப்புகளிலும் பாதிப்பு இருந்தது. அதைச் செய்த வைரஸின் பெயர் பிரிக்கர்பாட். பிரிக் என்றால் செங்கல். வேலை செய்யாமல் போன கருவியைக் கம்ப்யூட்டர்காரர்கள் செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். செங்கல் ஆக்குவதுதான் இந்த வைரஸின் தொழில். மாட்டிக்கொண்ட மோடம்கள் எல்லாம், கம்பெனியில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்தவை. யூசர் நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வாடிக்கையாளர்கள் உடனே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது. நான் அப்போது என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் அன்றுதான் ரவுட்டருக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் இருப்பதையே தெரிந்துகொண்டார்கள்.

உங்களுக்கும் இந்தக் குழப்பம் இருக்கலாம். வை-பையில் இணைவதற்குக் கொடுக்கும் பாஸ்வேர்ட் வேறு. ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு. முதலாவது வாசல் சாவி, இரண்டாவது பீரோ சாவி. வாசல் சாவியை மாற்றிவிட்டு பீரோவைத் திறந்தே வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

'புதிதாக வாங்கிய ரவுட்டர்தானே, அதில் எப்படிப் பழைய சாப்ட்வேர் இருக்கும்?' என்று கேட்பீர்கள். 2014 டிசம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் வெளியிட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பல கம்பெனிகளின் ரவுட்டர்களுக்குள் ராம்பேஜர் என்ற ஒரே சின்ன சாப்ட்வேர் இருந்தது. நாம் பிரவுசரில் பார்க்கும் அமைப்புப் பக்கத்தைக் காட்டுவது அதன் வேலை. அதில் ஒரு ஓட்டை. அதை எழுதிய அலிக்ரோ சாப்ட் நிறுவனம் 2005-லேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் ரவுட்டர் கம்பெனிகள் பழைய பதிப்பையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால், உலகம் முழுக்க குறைந்தது 1 கோடியே 20 லட்சம் கருவிகளில் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. பெட்டி புதிது என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் யாருடைய பெட்டி என்று பாருங்கள்

சித்தப்பா வீட்டில் பைபர் ஒயர் ஒரு வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது. இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டியது அது, ஓ.என்.டி. என்பார்கள். அதிலிருந்து லேன் கேபிள் வழியாக ஒரு கறுப்பு ரவுட்டருக்குப் போகிறது. அது மதுரையில் இருக்கும் உறவினர் புதிது வாங்கியதும் கொடுத்த பழையது.

வெள்ளைப் பெட்டியில் கை வைக்காதீர்கள். அதன் பர்ம்வேரை இணைப்பு கொடுத்த நிறுவனமே தூரத்திலிருந்து மாற்றும். இதற்கென்றே டி.ஆர்.069 என்ற முறை 2004-ல் வந்தது. அந்த நிறுவனத்துக்கென்று தனியாக மாற்றி எழுதிய பர்ம்வேர் அதில் இருக்கும். அதே மாடலின் பெயரை வைத்து வேறு எங்கிருந்தோ பைல் எடுத்துப் போட்டால் இணைப்பே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து, 'என் கருவிக்குப் புது பர்ம்வேர் இருக்கிறதா, ஏற்றிவிட்டீர்களா?' என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தூரத்திலிருந்து மாற்றும் வழியே திருடனுக்கும் வழியானதும் உண்டு. 2016 நவம்பர் 27-ல் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வீடுகளில் இன்டர்நெட் நின்றது. இந்தத் தூரக் கட்டுப்பாட்டுக்கான வாசலை மிராய் என்ற வைரஸின் ஒரு வகை தட்டிப் பார்த்ததுதான் காரணம். நிறுவனம் அவசரமாகப் புது பர்ம்வேர் தயாரித்தது. வாடிக்கையாளர்கள் ரவுட்டரை கரன்டிலிருந்து பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் அது தானே வந்து ஏறிக்கொள்ளும் என்று அறிவித்தது.

நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர் என்றால் பொறுப்பு உங்களுடையது. இப்போது வரும் ரவுட்டர்கள் பலவற்றில் தானாகவே அப்டேட் ஆகும் வசதி உண்டு. மொபைல் ஆப் மூலம் ஒரே கிளிக்கில் முடிப்பவையும் உண்டு. அப்படி இருந்தால் அந்த வசதியை ஆன் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மற்றவர்களுக்குத்தான் இனி வரும் பகுதி.

தயாரிப்புதான் முக்கால் வேலை

கிளிக் செய்து ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். நானும் ஒரு முறை விட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மாடல் எண் இருக்கும். அதன் பக்கத்திலேயே வி1, வி2, வி3 என்று ஒன்று போட்டிருக்கும். இது ஹார்டுவேர் வெர்ஷன். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கம்பெனிகள் அவ்வப்போது உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடுவார்கள். வி1-க்கு எழுதிய பர்ம்வேர் வி3-ல் ஓடாது. லேபிளை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் விற்ற ரவுட்டர் என்பதையும் கவனியுங்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தது என்றால் பைல் வேறாக இருக்கலாம்.

அடுத்து, கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் இணையுங்கள். வை-பை வழியாகச் செய்ய வேண்டாம். பாதியில் அறுந்தால் வம்பு. பிரவுசரைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் லேபிளில் உள்ள எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். உள்ளே போனதும் இன்டர்நெட் அல்லது டபிள்யூ.ஏ.என். என்று பெயரிட்ட பகுதிக்குப் போய், எந்த வகை இணைப்பு என்று பாருங்கள். பி.பி.பி.ஓ.இ. என்று இருந்தால், இணைப்பு கொடுத்த நிறுவனம் தந்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அங்கே இருக்கும். பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆகவே அது கையில் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு போன் செய்து வாங்கிய பிறகே அடுத்த வேலை. பர்ம்வேர் ஏற்றும்போது சில ரவுட்டர்கள் எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். பாஸ்வேர்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் இன்டர்நெட்டும் இருக்காது, இன்டர்நெட் இல்லாமல் விடை தேடவும் முடியாது. சித்தப்பா வீட்டில் அது தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் சொருகியிருந்தது. கரையான் அரிக்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அங்கேயே டி.என்.எஸ். பகுதியையும் பார்த்தேன். 'தானாகப் பெறுக' என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ இரண்டு எண்களைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். சித்தப்பாவும் எழுதவில்லை, தங்கையும் எழுதவில்லை. அட்மின் பாஸ்வேர்ட் அட்மின்தான். பர்ம்வேரின் தேதி 2016.

பல ரவுட்டர்களில் 'பேக்கப்' என்று ஒரு வசதி உண்டு. எல்லா அமைப்புகளையும் ஒரு பைலாகச் சேமித்து, பிறகு அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சாதாரண அப்டேட் என்றால் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஆனால் ரவுட்டருக்குள் எவனோ புகுந்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் அந்த பைலைத் திரும்ப ஏற்றாதீர்கள். அவன் எழுதி வைத்த டி.என்.எஸ். எண்களும் அதில்தான் இருக்கும். புது பர்ம்வேரில் அவற்றை நாமே கொண்டுபோய் வைத்ததாக ஆகிவிடும். நான் தேவையானதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இனி பைல். ரவுட்டர் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய் சப்போர்ட் பகுதியில் மாடலைத் தேடி, சரியான ஹார்டுவேர் வெர்ஷனைத் தேர்வு செய்து டவுன்லோட் செய்யுங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் எடுக்க வேண்டாம். டைரக்டரியே பொய் சொல்லும் வீட்டில் அந்த ரவுட்டர் வழியாகவே பைலை எடுப்பது ஆபத்து என்பதால், நான் மொபைலின் ஹாட்ஸ்பாட் மூலம் டவுன்லோட் செய்தேன். வரும் பைல் பெரும்பாலும் ஜிப் ஆக இருக்கும். அதை விரித்தால் உள்ளே பின் என்று முடியும் பைல் ஒன்று இருக்கும். ரவுட்டரில் ஏற்ற வேண்டியது அதைத்தான். கூடவே இருக்கும் குறிப்பையும் படியுங்கள். 'இந்தப் பதிப்புக்கு முன் அந்தப் பதிப்பை ஏற்றியிருக்க வேண்டும்' என்று சில சமயம் எழுதியிருப்பார்கள்.

கரன்ட் விஷயம்

கயத்தாறு பக்கம் போனால் வானம் முழுக்கக் காற்றாலைதான் சுற்றும். ஆனாலும் சாயங்காலம் வீட்டில் ட்யூப் லைட் இரண்டு முறை கண் சிமிட்டாமல் இருக்காது. பர்ம்வேர் ஏற்றுவதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். புது பர்ம்வேரை ஏற்றும்போது, பழையதை அழித்துவிட்டு அதே பிளாஷ் மெமரியில் புதியதை எழுதுகிறது ரவுட்டர். பாதி எழுதியபோது கரன்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. மறுபடி கரன்ட் வந்தால் எதைப் படித்து எழுந்திருப்பது என்று அதற்குத் தெரியாது. விலை அதிகமான சில ரவுட்டர்களில் இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்றில் பழையதை வைத்துக்கொண்டு மற்றதில் புதியதை எழுதுவார்கள். அவற்றில் இந்தப் பயம் குறைவு. நம் வீடுகளில் இருக்கும் சாதாரண ரவுட்டர்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

நான் சாயங்காலமே ஆரம்பித்துவிடலாம் என்றேன். சித்தப்பா விடவில்லை. "எல்லாத் தோட்டத்துலயும் மோட்டார் ஓடுற நேரம்ப்பா. காலையில பாரு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. காலை ஆறரை மணிக்கு, டி.வி.க்கு வைத்திருந்த இன்வெர்ட்டரில் ரவுட்டரை மாட்டினோம். லேப்டாப்பில் சார்ஜ் முழுதாக இருந்தது. உங்களிடம் டெஸ்க்டாப் என்றால் இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். யு.பி.எஸ். பாட்டரி வீக்காக இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஏற்றும் விதம்

ரவுட்டரின் பக்கத்தில் சிஸ்டம் டூல்ஸ், அட்மினிஸ்ட்ரேஷன், மெயின்டெனன்ஸ் என்று ஏதாவது ஒரு மெனு இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதற்குள் பர்ம்வேர் அப்கிரேட் என்பதை கிளிக் செய்யுங்கள். பிரவுஸ் பட்டனை அழுத்தி, எடுத்து வைத்த பைலைக் காட்டுங்கள். அப்கிரேட் பட்டனை அழுத்துங்கள். ஒரு கோடு மெல்ல நகர்ந்து 100 சதவீதம் வரை போகும். பிறகு ரவுட்டர் தானாக அணைந்து எழுந்திருக்கும்.

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டம். கோடு 40-ல் நின்றுவிட்டது போலத் தெரியும். பிரவுசரை மூடாதீர்கள், ரிப்ரெஷ் செய்யாதீர்கள், கேபிளை அசைக்காதீர்கள். பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். சித்தி வந்து, "ஆப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றார். வழக்கமாக அது நல்ல யோசனை. இப்போது மட்டும் கூடாது.

சரி, என் கதை. காலேஜ் மூன்றாம் ஆண்டில் நண்பனின் ரவுட்டருக்கு வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். லேபிளைப் பார்க்கவில்லை. தளத்தில் முதலில் இருந்த பைலை எடுத்து ஏற்றினேன். அவன் ரவுட்டர் வி2, நான் ஏற்றியது வி1. இப்போது பல ரவுட்டர்கள் பொருந்தாத பைலை ஏற்க மறுத்துவிடும். அது மறுக்கவில்லை. பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சில ரவுட்டர்கள் மீட்பு நிலைக்குப் போகும். அப்போது லேன் கேபிள் வழியாகச் சரியான பைலைத் திரும்ப அனுப்பலாம். மூன்று இரவு முயன்றேன், வரவில்லை. கடைசியில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் அவனுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து லேபிளைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை.

இன்னொன்று. ரீசெட் பட்டனை அழுத்தினால் பழைய பர்ம்வேர் திரும்பிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். திரும்பாது. அமைப்புகள் மட்டுமே கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போகும். கூடவே அட்மின் பாஸ்வேர்டும் பழையபடி ஆகிவிடும். அடிக்கடி ஆப் செய்து ஆன் செய்தால் வைரஸ் போய்விடும் என்பதும் முழு உண்மை இல்லை. 2018 மே மாதம் வி.பி.என்.பில்டர் என்ற வைரஸ் 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. எல்லோரும் ரவுட்டரை ஆப் செய்து ஆன் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. அறிவித்தது. ஆனால் அதன் முதல் பகுதி ஆப் செய்த பிறகும் உள்ளேயே தங்கிவிடும் வகை.

ஏற்றிய பிறகு

சித்தப்பா வீட்டில் நான்கு நிமிடத்தில் முடிந்தது. பிறகு ரீசெட் செய்து எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதினேன். டி.என்.எஸ். 'தானாகப் பெறுக'. அட்மின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றினேன். இதைச் செய்யாவிட்டால் புது பர்ம்வேரால் பெரிய பயன் இல்லை. 2017-ல் மோடம்களுக்குள் வைரஸ் நுழைந்தது பாஸ்வேர்டைச் சொல்லித்தான். ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதி ஆன் ஆகியிருந்தது; வெளியூரிலிருந்து ரவுட்டரைத் திறக்க உதவுவது அது. நமக்குத் தேவையில்லை, ஆப் செய்தேன். டபிள்யூ.பி.எஸ். என்ற பட்டன் இணைப்பையும் அப்படியே. வை-பையில் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பழைய பெட்டியில் இல்லை.

கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தோம், பழைய முகவரிகளை அது நினைவில் வைத்திருக்கக் கூடாது என்பதற்காக. பிறகு வங்கிப் பக்கத்தைத் திறந்தோம். எச்சரிக்கை இல்லை. முதல் வேலையாக வங்கியின் பாஸ்வேர்டையும் இ-மெயில் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். கணக்கில் பணம் அப்படியே இருந்தது. தங்கை அன்று மத்தியானமே விண்ணப்பத்தை அனுப்பி முடித்து, பிரின்ட் எடுத்து வைத்தாள்.

உங்கள் கம்ப்யூட்டரோ மொபைலோ இப்படி வைரஸ் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதா என்று சோதிக்க, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையம் இலவச டூல்களைத் தருகிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு முறை போய்ப் பாருங்கள்.

சித்தப்பாவின் ரவுட்டருக்கு நான் ஏற்றியதுதான் கடைசி பர்ம்வேர். அந்த மாடலுக்கு இனி வராது என்று கம்பெனியின் தளத்திலேயே போட்டிருந்தது. இனி புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் கிடையாது. ஆகவே அந்தப் பெட்டி சில மாதத்துக்குத்தான். மக்காச்சோளம் விற்றதும் புதிது வாங்குகிறேன் என்றிருக்கிறார். வாங்கப் போகும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ண வேண்டாம், பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்தையும் நம்ப வேண்டாம், அந்த மாடலுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் பர்ம்வேர் வந்தது என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். மாடல் எண், ஹார்டுவேர் வெர்ஷன், பர்ம்வேர் ஏற்றிய தேதி மூன்றையும் அவள் ஒரு தாளில் எழுதி, ரவுட்டருக்கு அடியிலேயே ஒட்டிவிட்டாள். அட்மின் பாஸ்வேர்டையும் அதிலேயே எழுதப் போனாள். அதை மட்டும் நோட்டில் எழுதி பீரோவில் வைக்கச் சொன்னேன்.